இன்மை அறிக்கை

ஜன்னலோரம் நீயே உக்காந்துக்கம்மா. எனக்கு வேண்டாம். ஜன்னல் பக்கம் உக்காந்தா வெளிய பாக்கத் தோணும். இன்னிக்கு வெளிய பாக்கிற மாதிரி இல்ல. நீ, வான்னு பேசுறேன்னு வருத்தப்படாத, எனக்கு எழுபத்தஞ்சு நடக்குது. உன் வயசுல எனக்குப் பேத்தி இருக்கா.

நர்ஸாம்மா? அதான், பையிலருந்து வெள்ளைக் கோட்டு எட்டிப் பாக்குது. இது என்ன, தோள்பட்டையில கறுப்புத் துணி குத்தியிருக்க? வீட்டுல யாரும் தவறிட்டாங்களோன்னு நெனச்சேன். ஓ, போராட்டமா. கறுப்பு பேட்ஜ் குத்திக்கிட்டே வேலை பாக்குறதா. சரிதான், நோயாளிய விட்டுட்டு வந்து தெருவுல உக்கார முடியாது. அதுக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கவும் முடியாது. நல்ல ஏற்பாடுதான். கையெழுத்துப் போடுறீங்கள்ல? வருகைப் பதிவேட்டுலம்மா. போடுறீங்களா? போடணும். யாரு என்ன சொன்னாலும் கையெழுத்தை மட்டும் விட்டுறாத. கையெழுத்துப் போடாம வேலை பாத்து ஒரு மனுஷன் கெட்டுப் போனதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

நீ எங்க இறங்கணும்? கடைசி ஸ்டாப்பா. அங்க இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையமா? நான் வழியில இறங்கிருவேன். ஒரு துட்டி வீடு. நாலு மணிக்கு உடம்பை எடுக்குறாங்க. இப்ப மணி ரெண்டே கால், நேரம் கெடக்கு. சொல்றேன் கேளு, சும்மா வர்றதுக்கு.

நான் நகராட்சி ஆபீஸ்ல இருந்தேன். இந்த பஸ் போற வழியில இருக்கிற ஊருதான். மேனேஜரா ரிட்டயர் ஆனேன். நாகலிங்கம்னு பேரைச் சொன்னா அங்க இன்னமும் எந்திரிச்சு நின்னு பேசுவாங்க. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்குனது கெடையாது. ஒரு காகிதம் என் மேஜையில தொலைஞ்சதுன்னு யாரும் சொன்னது கெடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லல. பின்னாடி நீ ஏதாவது தப்பா நெனச்சுறக் கூடாதுன்னு சொல்றேன்.

எங்க ஆபீஸ்ல குருவையான்னு ஒருத்தர். தண்ணி திறந்து விடுறவர். ரோட்டுல இரும்பு மூடியத் தூக்கி வச்சுட்டு, ஆள் உசரத்துக்கு ஒரு கம்பிச் சாவிய உள்ள விட்டுத் திருகுவாங்களே, பாத்திருப்ப. அந்த வேலை. அதிகம் பேச மாட்டாரு. எந்தத் தெருவுக்கு எத்தனை சுத்து திறக்கணும்னு அவர் விரலுக்குத்தான் தெரியும். இன்னிக்கு அவர் வீட்டுக்குத்தான் போறேன்.

இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு ஸ்டிரைக் வந்துச்சு. எங்க சைக்கிள் ஸ்டாண்டு சுவத்துல சங்கத்துக்குன்னு ஒரு கரும்பலகை இருந்துச்சு. இன்னிக்குக் கூட்டம், இன்னாருக்கு மெமோ, அப்படி ஏதாச்சும் சாக்பீஸ்ல எழுதி வைப்பாங்க. புதுசா வந்த கமிஷனர் அதைக் கழட்டச் சொல்லிட்டாரு. சாப்பாட்டு நேரத்துல வேப்பமரத்தடியில கூட்டம் போட்டாங்கன்னு மூணு துப்புரவுப் பணியாளரை சஸ்பெண்ட் பண்ணிட்டாரு. கேட்கப் போனவங்கட்ட, "சங்கம்னு ஒண்ணு எனக்குத் தெரியாது. தனித்தனியா மனு குடுங்க, தனித்தனியா பாக்குறேன்"னுட்டாரு. அதுக்கு மேல என்ன இருக்கு. மறு வாரம் வேலைநிறுத்தம். பத்தொம்பது நாள்.

நானா? நானும் சங்கத்துல மெம்பர்தாம்மா. பதினெட்டு வருஷம் சந்தா கட்டுனவன். ஸ்டிரைக்குக்கு ரெண்டு நாள் முன்னால விலகல் கடிதம் குடுத்துட்டேன். பயந்துக்கிட்டு இல்ல. அப்ப நான் ஹெட் கிளார்க். மேனேஜர் பதவி உயர்வுப் பட்டியல்ல பேரு இருந்துச்சு. பொறுப்புல இருக்கிறவன் ரெண்டு பக்கமும் நிக்கக் கூடாதுல்ல?

அப்பத்தான் அந்த உத்தரவு வந்துச்சு. சங்கத்தின் பேரில் வர்ற எந்தக் கடிதத்தையும் தபால்ல வாங்கக் கூடாது. வாங்கலைன்னு தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அறிக்கை அனுப்பணும். எங்க ஆபீஸ்ல அதுக்கு இன்மை அறிக்கைன்னு பேரு. ஒண்ணும் இல்லைன்னாலும், ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியாகணும். "இன்று தொழிற்சங்கங்களிடமிருந்து கடிதம் ஏதும் பெறப்படவில்லை." ஒரே வரிதான். பத்தொம்பது நாளும் நான்தான் எழுதினேன். இப்பவும் கண்ணை மூடினா என் கையெழுத்துல அந்த வரி ஓடுது.

போன் அடிக்குதா? என்னோடதுதான். அடிக்கட்டும்மா. யாருன்னு தெரியும்.

மூணாம் நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஆபீஸ்ல நானும் ஃபேனும்தான். சங்கத்துச் செயலாளர் இன்னாசிமுத்து வந்தாரு, பின்னாலயே குருவையா. கையில காகிதம், ரெண்டு படி. எங்க வழக்கம் உனக்குத் தெரியாது. எந்தக் கடிதம் குடுத்தாலும் ரெண்டு படி கொண்டு வரணும். ஒண்ணை நாங்க வச்சுக்கிடுவோம். இன்னொண்ணுல பெறப்பட்டதுன்னு சீல் வச்சு, தேதி போட்டு, திருப்பிக் குடுப்போம். அந்த சீல் வச்ச படி கையில இருந்தாத்தான் கடிதம் குடுத்ததா கணக்கு. இல்லைன்னா குடுக்கவே இல்ல.

என்ன கடிதம்னு கேக்குறியா? மனப்பாடமாவே சொல்றேன். "அரசு மருத்துவமனைக்குச் செல்லும் குடிநீர்க் குழாயை மட்டும் நாள்தோறும் திறந்துவிட தோழர் குருவையாவைச் சங்கமே அனுப்புகிறது. நோயாளிகளின் நலன் கருதி எடுக்கப்பட்ட முடிவு இது. இது வேலைநிறுத்த மீறல் ஆகாது. அவர் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட மாட்டார்." கீழ இன்னாசிமுத்து கையெழுத்து.

புரியுதாம்மா? கையெழுத்துப் போட்டா ஸ்டிரைக்கை உடைச்ச ஆளாயிருவாரு. தண்ணி திறக்காம இருந்தா பிரசவ வார்டு காஞ்சு போயிரும். அதனால வேலையும் பாப்பாரு, கையெழுத்தும் போட மாட்டாரு. இப்படி ஒரு யோசனை சங்கத்துல பொறந்தவனுக்குத்தான் தோணும். இன்னாசி என்னப் பாத்துச் சொன்னாரு, "சார், எங்க பசங்க கொதிச்சுப் போயிருக்காங்க. யாருக்கும் தண்ணி விடக் கூடாதுங்கிறாங்க. நாளைக்குக் கூட்டத்துல இந்த சீல் வச்ச படிய எடுத்துக் காட்டிப் பேசினாத்தான் ஒத்துக்கிடுவாங்க. அதுவரைக்கும் நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்"னு.

வாங்க மாட்டேன்னு சொல்லியிருக்கணும் நான். உத்தரவுப்படி அதான் சரி. முகத்தைப் பாத்து அப்படிச் சொல்ல மனசு வரல. "ரெண்டையும் வச்சுட்டுப் போங்க இன்னாசி, நாளைக்கு சீல் வச்சுத் தர்றேன்"னேன். பாத்தியா, எனக்கு இளகுன மனசு. அதான் எல்லா வினைக்கும் காரணம்.

அவங்க படியிறங்கிப் போனாங்க. அஞ்சு மணி ஆச்சு. நான் அறிக்கையை எடுத்து எழுதினேன். கடிதம் ஏதும் பெறப்படவில்லை.

மறுநாள் விடியுமுன்ன இன்னாசியையும் இன்னும் நாலு பேரையும் போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. கூட்டமும் நடக்கல, ஒண்ணும் நடக்கல. ஜெயில்ல பதினோராம் நாள் இன்னாசிக்கு நெஞ்சு வலி. அங்கயே முடிஞ்சு போச்சு. நல்ல மனுஷன். சத்தமாச் சிரிப்பாரு.

குருவையா வேலைய விடலம்மா. எங்க வீடு அப்ப ஆஸ்பத்திரித் தெருவுலதான். காலையில பால் வாங்கப் போகையில தினமும் பாப்பேன். மூடியத் தூக்கி வச்சுட்டுக் குத்த வச்சு, வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே திருகிக்கிட்டு இருப்பாரு. நிமிந்து, "வணக்கம் சார்"ம்பாரு. நானும் வணக்கம்பேன். பத்து மணிக்கு ஆபீஸ் போயி பதிவேட்டைப் பிரிப்பேன். குருவையா பேருக்கு நேரா காலியா இருக்கும். சிவப்பு மையில ஒரு கோடு இழுப்பேன். ஆப்சென்ட். மறுநாள் காலையிலயும் வணக்கம் சார். பத்து மணிக்குக் கோடு. வேலைநீக்க உத்தரவு வர்ற வரைக்கும் இப்படியேதான்.

என்னம்மா அப்படிப் பாக்குற? கையெழுத்து இல்லையே. நான் கண்ணால பாத்தது வேற, பதிவேட்டுல இருக்கிறது வேற. நான் பாத்ததை எழுத எனக்கு என்ன அதிகாரம் இருக்கு? ஹெட் கிளார்க் பால் வாங்கப் போற வழியில பாத்தான்னு அறிக்கை எழுத முடியுமா?

பதினாறாம் நாள் வேலைநீக்க உத்தரவு வந்துச்சு. நாப்பத்திமூணு பேரு. பட்டியல் நான்தான் தயார் பண்ணுனேன், ஒரு பேரு பிசகாம. குருவையா இருபத்தெட்டாவது. ஆபீசுக்கு வரவழைச்சு உத்தரவைக் கையில குடுத்தோம். வாங்கிப் படிச்சாரு. அந்தக் கம்பிச் சாவியக் கொண்டாந்து மேஜை மேல வச்சாரு. "சார், ஆஸ்பத்திரி லைனுக்கு எட்டரைச் சுத்துதான் திறக்கணும். அதுக்கு மேல போனா பிரசவ வார்டுல குழாய் பிடுங்கிக்கும். யாரு வர்றாங்களோ அவங்கட்ட சொல்லிருங்க"ன்னாரு. வேற ஒரு வார்த்தை கேக்கல. ஆனா சாவிய வச்சுட்டு மறுநாளும் வந்து நின்னாரும்மா, அந்த மூடிக்கிட்ட. ஸ்டிரைக் முடியிற வரைக்கும் மூணு நாளும் வந்தாரு. கமிஷனர் அனுப்புன காண்ட்ராக்ட் ஆளுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, எண்ணிச் சொல்லிக் குடுத்தாரு.

அதை சங்கத்துப் பையன்க பாத்துட்டாங்க. முன்னாடியே சந்தேகம், இப்ப உறுதியாப் போச்சு. சாயங்காலம் அவர் வீட்டுச் சுவத்துல தார்ல எழுதிட்டாங்க, கருங்காலின்னு. பெருசா, தெருமுனையிலருந்து வாசிக்கிற மாதிரி. ஒரே வாரத்துல பாரு. ஆபீஸ்ல ஸ்டிரைக் பண்ணுனவன்னு வேலைய விட்டுத் தூக்கியாச்சு. சங்கத்துல ஸ்டிரைக்கை உடைச்சவன்னு பேரை அடிச்சாச்சு.

போன் திரும்பவும் அடிக்குது. நீ ஏம்மா எடுக்கச் சொல்ற? அது குருவையா மக தமயந்தி. வந்துக்கிட்டு இருக்கேன்னு காலையிலயே சொல்லிட்டேன். வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

அப்புறம் ஸ்டிரைக் முடிஞ்சு போச்சு. கமிஷனரை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. எல்லாரையும் திரும்ப எடுத்துக்கிடுறதுன்னு முடிவாச்சு. ஆனா ஒரு ஃபாரம். "நான் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிக்கு வராமல் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டேன். அதற்கு வருந்துகிறேன். இனி எந்தச் சங்க நடவடிக்கையிலும் ஈடுபட மாட்டேன்." வருந்துறவங்க யாரு இருக்கா, ஆனா பிள்ளைகுட்டி இருக்கே. நாப்பத்திரெண்டு பேரும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டுக் குடுத்தாங்க.

குருவையா போடல. என் மேஜைக்கு முன்னால நின்னுக்கிட்டு அந்த ஃபாரத்தையே பாத்தாரு. "சார், வேலைக்கு வரலன்னு நான் எப்படி எழுதுவேன்? ஒரு நாள்கூட விடலயே சார்"னாரு. அப்படின்னா வேலை பாத்தேன்னு எழுதிக் குடுங்கன்னேன். "எழுதினா கருங்காலின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். சங்கம் சொல்லித்தான் சார் பாத்தேன். இன்னாசி அண்ணன் குடுத்த அந்தக் கடிதம் வேணும். சீல் வச்ச படியக் குடுத்துட்டீங்கன்னா ரெண்டு பக்கமும் காட்டிருவேன்"னாரு.

மூணு தடவை வந்தாரும்மா. முதல் தடவை, "தேடிப் பாக்குறேன்"னேன். ரெண்டாம் தடவை, "கமிஷனர் மேஜைக்குப் போச்சு, அவரோட போயிருக்கும்"னேன். மூணாம் தடவை அவர் வாயைத் திறக்குமுன்னயே, "எந்தக் கடிதம் குருவையா?"ன்னுட்டேன்.

நான் வேற என்ன செய்யிறது சொல்லு. பத்தொம்பது இன்மை அறிக்கை போயிருக்கு, எல்லாத்துலயும் என் கையெழுத்து. அந்தக் கடிதம் வெளிய வந்தா ஹெட் கிளார்க் நாகலிங்கம் பொய் அறிக்கை குடுத்தாருன்னு ஆகும். பதவி உயர்வு உத்தரவு டைப் ஆகிக்கிட்டு இருந்த நேரம் அது. சங்கத்துக்குப் புதுசா வந்த செயலாளரும் ஒரு நாள் வந்து கேட்டாரு. "குருவையா சொல்றது நெசமா சார்? அப்படி ஒரு கடிதம் வந்துச்சா? நெசம்னா நாங்க அவரை விட மாட்டோம்"னாரு. நான் ஒண்ணும் சொல்லல. வாயைத் திறந்து பொய் சொல்லல பாரு. அறிக்கைக் கட்டை எடுத்து முன்னால வச்சேன். புரட்டிப் பாத்தாரு. கும்பிட்டுட்டுப் போயிட்டாரு.

கடிதத்தை நான் கிழிக்கலம்மா. அதைச் சொல்லணும். வேற ஒருத்தனா இருந்தா கிழிச்சு அடுப்புல போட்டிருப்பான். ஆபீஸ் காகிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வராது. ரெண்டு படியும் வச்சிருக்கேன். இந்தா, இந்தக் கவர்ல இருக்கு. இருபத்திரெண்டு வருஷம், ஒரு சுருக்கம் விழுந்திருக்கா பாரு. தொட வேண்டாம், கையில வியர்வை இருக்கும்.

அப்புறம் குருவையா தண்ணி லாரியில வேலை பாத்தாரு. கல்யாண வீடு, ஹோட்டல்னு ஊத்திக்கிட்டுத் திரிஞ்சாரு. கூட இருந்தவங்க யாரும் அவரோட பேச மாட்டாங்க. டீக்கடையில அவர் வந்து உக்காந்தா பெஞ்சு காலியாயிரும். அவர் சம்சாரம் செத்ததுக்கு சங்கத்துலருந்து ஒரு ஆள் எட்டிப் பாக்கல. நான் போனேன். ஆபீஸ்லருந்து நான் ஒருத்தன்தான் போனேன். என்னப் பாத்ததும் எந்திரிச்சு வந்து, "வணக்கம் சார்"னாரு. துட்டி வீட்டுல வணக்கம் சொல்லக் கூடாதுன்னு தெரியாதா அந்த மனுஷனுக்கு? வேணும்னே சொன்னாரா, பழக்கத்துல வந்துச்சா, இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

அந்த வணக்கம்தாம்மா என்னக் கொன்னுச்சு. ஒரு நாள் கோவிச்சிருந்தா தேவல. நடுத்தெருவுல சட்டையைப் பிடிச்சிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன், கணக்கு நேராயிருக்கும். எங்க பாத்தாலும் வணக்கம் சார். மார்க்கெட்ல, கோயில் வாசல்ல, லாரிய நிறுத்திட்டு மேலருந்து ஒரு வணக்கம் சார். அவருக்குப் பயந்து நான் தெருவ மாத்தினேன். ரிட்டயர் ஆனதும் ஊரையே மாத்தி மகன் வீட்டோட போயிட்டேன். அங்க காலையில குழாயில தண்ணி வருமுன்ன காத்து வரும் பாரு, உஸ்ஸுன்னு. எல்லார் வீட்டுலயும் வர்றதுதான். எனக்கு மட்டும் அது வெறும் காத்தா இருக்காது. யாரோ முழங்கால்ல கையை ஊனி எந்திரிக்கிற சத்தம் மாதிரி இருக்கும். அடுத்தது வணக்கம் சார்னு வரப் போகுதுன்னு உடம்பு முன்கூட்டியே கூசிப் போகும். மருமகட்ட சொல்லி வச்சிருக்கேன், காலையில நான் குழாயடிக்குப் போக மாட்டேன்னு. வயசாயிருச்சு, குளிர் ஒத்துக்கிடலன்னு நெனச்சுக்கிட்டா.

இன்னிக்குக் காலையில தமயந்தி போன் பண்ணுச்சு. "அப்பா போயிட்டாரு சார்"னு. மூணு மாசமாப் படுக்கையாம். புத்தி தடுமாறிருச்சாம். விடியக்காலம் எந்திரிச்சு உக்காந்து கையால திருகுவாராம், எண்ணுவாராம். ஆனா ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லியிருக்காரு. "என்னைத் தூக்கையில சங்கத்துக் கொடியப் போத்தணும்"னு.

அவங்க வழக்கம் உனக்குத் தெரிஞ்சிருக்கும். சங்கத்துல இருந்தவன் செத்தா செங்கொடி போத்தி, கோஷம் போட்டுத் தூக்கிட்டுப் போவாங்க. கருங்காலிக்குப் போத்த மாட்டாங்க. தமயந்தி சங்க ஆபீசுக்குப் போயி அழுதிருக்கு. அவங்களுக்கும் இப்ப மனசு கேக்கல. "அந்தக் காலத்து ஆளு யாராவது ஒருத்தர் வந்து, சங்கம் சொல்லித்தான் வேலை பாத்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், கொடியோட ஓடி வர்றோம்"னு சொல்லியிருக்காங்க. அந்தப் பிள்ளை எனக்கு அடிச்சுச் சொல்லுது, "சார், கடிதம் இல்லாட்டியும் பரவால்ல. உங்க வார்த்தைக்கு ஊர்ல மதிப்பு இருக்கு. நீங்க வந்து சொன்னாப் போதும். நாலு மணி வரைக்கும் வச்சிருப்போம்"னு.

குளிச்சேன், வெள்ளைச் சட்டை போட்டேன், கவரை எடுத்தேன், பஸ் ஏறிட்டேன்.

இது எந்த இடம்? தண்ணித் தொட்டி தெரியுதா? பெருசா, நீல எழுத்துல? அப்ப ஊரு வந்துருச்சு. அடுத்த ஸ்டாப்புதான். தெரு இந்தப் பக்கம்தான், உன் ஜன்னல் பக்கம். பந்தல் போட்டிருக்காங்களா பாரு. எத்தனை பேரு இருக்காங்க? பத்துப் பேரா. பிளாஸ்டிக் நாற்காலியெல்லாம் காலியாவா கெடக்கு? சேலை கட்டின பிள்ளை ஒண்ணு ரோட்டுக்கு வந்து ஒவ்வொரு பஸ்ஸாப் பாக்குதா. சரி சரி. தலையை உள்ள இழுத்துக்கம்மா.

இருக்கட்டும். இந்த ஸ்டாப்புல கூட்டம் அதிகமா இருக்கு. அடுத்ததுல இறங்கி ஆட்டோவுல திரும்பி வந்துருவேன். மணி மூணரைதானே.

ஏம்மா, யாரு விசில் அடிச்சது? பஸ் ஏன் நிக்குது? நீயா சொன்ன கண்டக்டர்ட்ட? பெரியவரு இறங்கணும்னா? உன்னை யாரு சொல்லச் சொன்னது?

இல்ல கண்டக்டர் சார், நான் இல்ல. இந்தப் பொண்ணு தெரியாமச் சொல்லிருச்சு. டிக்கெட்டைப் பாருங்க, கடைசி ஸ்டாப் வரைக்கும் எடுத்திருக்கேன். ஆமா, ஏறும்போதே எடுத்ததுதான். நீங்கதானே கிழிச்சுக் குடுத்தீங்க. நீங்க போங்க, போகலாம் ரைட்.

என்னம்மா. அப்படிப் பாக்காத.

ஏறும்போது இறங்கணும்னுதான் நெனச்சேன். சத்தியமா. கண்டக்டர் எங்கன்னு கேக்கையில வாயி கடைசி ஸ்டாப்புன்னு சொல்லிருச்சு.

என்ன சொல்ற? நீ இறங்கிக் கொண்டு போறியா? உனக்கு வேலை? லேட்டாப் போனா போகட்டுமா? ஒரு நாள் ஆப்சென்ட் போட்டாப் போடட்டுமா? நீ நல்ல பொண்ணும்மா. இந்தா, பிடி. நேராப் போயி சங்கத்து ஆளுக கையிலதான் குடுக்கணும். தமயந்திட்ட குடுக்காத, அது அழுது காகிதத்தை நனைச்சிரும். யாரு குடுத்தான்னு கேட்டா, பஸ்ல ஒரு பெரியவர்னு சொல்லு. பேரு தெரியாதுன்னு சொல்லு.

சொல்ல மாட்டியா?

சீல் இல்லாத காகிதம், பேரு சொல்லாட்டி யாரு நம்புவாங்கன்னு கேக்குற. சரிதான். நாகலிங்கம் சார் இத்தனை வருஷம் பையில வச்சிருந்தாருன்னு சொன்னாத்தான் நம்புவாங்க. அதைச் சொல்லாம முடியாதா? ஒரு வரியக் கொஞ்சம் மாத்தி... பழைய ஃபைல்ல கெடந்துச்சுன்னு... முடியாதா.

அப்ப வேண்டாம்மா. குடு. கவரைக் குடுன்னா குடு. அது ஆபீஸ் காகிதம், வெளியாள்ட்ட குடுக்கக் கூடாது. நான் அவசரத்துல நீட்டிட்டேன்.

போன் அடிக்குது. அடிச்சு ஓயட்டும்.

ஓஞ்சிருச்சு.

மணி என்னம்மா இப்ப? நாலு அஞ்சா. அப்ப எடுத்திருப்பாங்க. அந்தப் பிள்ளை இன்னும் கொஞ்சம் பாப்போம்னு சொல்லியிருக்கும். எத்தனை நேரம்தான் வச்சிருக்க முடியும், வெயில் காலம் வேற. வெறும் வேட்டியப் போத்தித் தூக்கியிருப்பாங்க. பத்துப் பேருல நாலு பேரு தோள் குடுத்திருப்பாங்க.

நீ முகத்தைத் திருப்பிக்கிட்ட. அவர் ஒரு நாள்கூட அப்படிச் செய்யல தெரியுமா.

ஒண்ணு சொல்லட்டுமா. நான் இப்ப எங்க ஊர் ஓய்வு பெற்ற அலுவலர் சங்கத்துக்குத் தலைவர். எல்லாரும் ஒருமனதாத் தேர்ந்தெடுத்தாங்க. உரிமைன்னு ஒண்ணு கேட்டு மனுப் போட்டா ரெண்டு படி எடுத்துட்டுப் போயி, ஒண்ணுல சீல் வாங்காம நான் படியிறங்க மாட்டேன். எங்களுக்கும் கொடி உண்டு, பட்டுத் துணியில நான்தான் தைக்கக் குடுத்தேன். மெம்பர் செத்தா அதைக் கொண்டு போயி நானேதான் போத்துறேன். நான் செத்தாலும் போத்துவாங்க. வரிசையா நிப்பாங்க, நல்ல மனுஷன்னு பேசுவாங்க, ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க.

அதை நெனச்சாத்தாம்மா எனக்குப் பயமா இருக்கு.